எட்டாவது குடைக்கு வைத்த பாரம்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் நான் வந்து கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்று முதலாளியின் மகன் சொல்லியனுப்பினார். பேச வராது, எழுதித் தருகிறேன் என்று பதில் சொல்லியனுப்பினேன். ஆறு பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு ஆறு வார்த்தை வராது. எட்டாம் வகுப்பு வரைதான் படித்திருக்கிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது இன்னும் அறுபது ஆகவில்லை. கல் தூக்கித் தூக்கிக் குடலிறக்கம் வந்துவிட்டது. இனிமேல் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றோடு வேலை முடிந்தது. தனி ஆள், ஓர் அறை போதும். எதிர் மாடியில் துணி காயப்போடுவார்கள். காலையில் எழுந்ததும் அந்தத் துணிகளைப் பார்த்து இன்று காற்று எப்படி என்று தெரிந்துகொள்வேன். தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. பழக்கம்.

நம் கடை விசேஷங்களுக்கு வாடகைக்கு விடுகிற பெரிய குடைகளைப் பற்றித்தான் எழுத வேண்டும். இன்று நீங்கள் தூக்குபவை உள்ளூரில் தைத்தவை. நான் சேர்ந்த காலத்தில், அறுபதுகளின் தொடக்கத்தில், எட்டே எட்டுக் குடைகள் இருந்தன. மலேயாவிலிருந்து திரும்பி வந்த ஒரு குடும்பம் தோட்டத்தில் போட்டு உட்காருவதற்காகக் கப்பலில் கொண்டுவந்தவை. அந்த வீட்டுச் சாமான்களை விற்றபோது முதலாளி எட்டையும் வாங்கிவிட்டார். பச்சையும் வெள்ளையுமாகக் கித்தான் துணி, தேக்குக் கழி, அடியில் ஓர் இரும்புத் தகடு. ஒரு குடைக்குக் கீழே எட்டுப் பேர் உட்காரலாம். ஊரில் சீமைக் குடை என்று பெயராகி, எட்டு நாள் நடக்கிற கல்யாணமானாலும் முதலில் அதைத்தான் கேட்டு வருவார்கள்.

அந்த இரும்புத் தகடு மட்டும் குடையை நிறுத்தாது. மண் தரை என்றால் குழி வெட்டிக் கழியைப் புதைத்துவிடலாம். ஆனால் இந்த ஊர் வீடுகளின் முன்முற்றம் எல்லாம் கல் பாவியது. கடப்பாரையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டாலே வீட்டுக்காரர் உள்ளேயிருந்து வந்துவிடுவார். அதனால் பாரம்தான் வழி. இடித்த வீடு ஒன்றிலிருந்து உடைந்த கல்தூண் துண்டுகளை முதலாளி வாங்கிப்போட்டிருந்தார். ஒரு குடைக்கு நான்கு கல் வீதம் முப்பத்திரண்டு கல். அவற்றை எப்படித் தூக்குவது, எப்படி அடுக்குவது என்பதையெல்லாம் கடையில் காட்டித் தருவார்கள். அது கை தானாகப் படித்துக்கொள்ளும் விஷயம். நான் எழுத நினைப்பது வேறு.

என்னோடு ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவன் காதர். என் வயதுதான். முறைக்கு என்னை மாப்ள என்பான், நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். இரண்டு பேருக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்தது யாரும் இல்லை, தானாகப் பிரிந்துகொண்டது. நான் பார்ப்பேன், அவன் பேசுவான். குடையின் ஓரத்தில் தொங்கும் துணி எந்தப் பக்கம் ஆடுகிறது, மேற்கில் மேகம் எப்படி நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்து, அவன் காதருகே போய் மெதுவாகச் சொல்வேன். அவன் முற்றத்து நடுவில் நின்று, "அய்யாமாரே, ஆச்சிமாரே, கொஞ்சம் எந்திரிச்சு இங்குட்டு வாங்க. குடைக்குக் கோவம் வந்துருச்சு" என்று சத்தம் போடுவான். எல்லோரும் சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவார்கள். என் சத்தத்தை அவன் வாய் வழியாக வாங்கிக்கொண்டு ஐந்து வருடம் ஓட்டினேன்.

பிள்ளையார்பட்டியில் சதுர்த்திக் கூட்டத்துக்கு ஒரு தடவை குடை போட்டோம். நடந்து வருகிறவர்கள் உட்கார நிழல் வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தார். அவ்வளவு தூரம் கல் ஏற்றிப் போக வேண்டாம் என்று, அங்கேயே தகரப் பீப்பாய்களை வாங்கித் தண்ணீர் நிரப்பிக் குடைகளோடு கட்டிவிட்டோம். நல்ல யோசனை என்றுதான் இருவரும் நினைத்தோம். மத்தியானம் குடைகள் ஆட ஆரம்பித்தன. காற்றோ அதிகமில்லை. போய்ப் பார்த்தால் பீப்பாயில் அரையடித் தண்ணீர்கூட இல்லை. நடந்து வந்த சனம் கால் கழுவி, முகம் கழுவி, பிள்ளைகளைக் குளிப்பாட்டி முடித்திருந்தது.

"இதுல ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டேன் மாப்ள" என்றான் காதர். "பாரமா வைக்கிற சாமான் யாருக்கும் தேவைப்படாததா இருக்கணும். அதான் மொதலாளி ஒன்னையக் குடைக்கடியில நிறுத்துறாரு."

நானும் சிரித்தேன். அவன் சொன்ன பாடத்தை நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கல் யாருக்கும் தேவைப்படாது. அதுதான் கல்லின் உயர்வு. இது தெரிந்திருந்தும் அடுத்த வருடமே நாங்கள் இரண்டு பேரும் அந்தத் தவறைச் செய்தோம்.

அது ஆனி மாதம். காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டில் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். அதே முகூர்த்தத்தில் இன்னோர் இடத்தில் பந்தல் வேலைக்காகக் கடைக் கற்களில் நான்கு போய்விட்டன. ஏழு குடைக்குத்தான் கல் இருந்தது. வீட்டுக்காரர்களோ எட்டுக் குடையும் விரித்தாக வேண்டும் என்றார்கள். காதர் சமையல் பக்கம் போய்த் தலைமைச் சமையல்காரரைப் பிடித்தான். நானும் பின்னால் நின்றேன்.

"அண்ணே, ரெண்டு மூட்டை அரிசி குடுங்க. திங்க மாட்டோம், குடைக்கு வைக்கணும்."

"அரிசிய வச்சுக் குடை புடிக்கிற ஆளுகளை இன்னைக்குத்தான்யா பாக்குறேன்" என்றார் அவர். பிறகு ஓரத்தைக் காட்டினார். "அந்தா தனியா இருக்குல்ல, அது நாளைக்குச் சமைக்கிறதுக்கு. இன்னைக்கு அதை யாரும் தொட மாட்டாக. எடுத்துக்கங்க. பொழுது சாயிறதுக்குள்ள எடுத்த எடத்துல கொண்டாந்து வச்சுரணும்."

நாளைய அரிசிதானே என்று எடுத்துக்கொண்டு வந்தோம். எட்டாவது குடை வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் நின்றது. அதையொட்டி ஒரு சந்து சமையல்கட்டுக்குப் போனது. தகட்டின் மேல் இந்தப் பக்கம் ஒரு மூட்டை, அந்தப் பக்கம் ஒரு மூட்டை. மேலே ஒரு ஜமக்காளத்தைப் போர்த்தினோம். பார்க்கவும் நன்றாக இருந்தது.

முகூர்த்த நேரம் நெருங்கியது. நான் முற்றத்தின் தெருப்பக்க மூலையில் நின்றேன். எனக்கும் எட்டாவது குடைக்கும் நடுவில் மாப்பிள்ளை வீட்டார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பட்டுக் கரை வேட்டியும் மோதிரமுமாக நாற்பது பேருக்குக் குறையாது. எட்டாவது குடைக்குக் கீழே ஓர் இளம் பெண், தூங்குகிற கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். காதர் அதற்கு அடுத்த குடையில் நின்று, ஒரு பெரியவருக்கு விசிறி கொடுத்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் முதுகு எட்டாவது குடையின் பக்கம் இருந்தது.

சந்திலிருந்து சமையல் ஆள் ஒருவர் வந்தார். ஜமக்காளத்தை விலக்கி ஒரு மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு போனார். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகமாகி, சோறு பற்றாது என்று பயந்து நாளைய அரிசியைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. எனக்கு அப்போது தோன்றியது இவ்வளவுதான்: இன்னொரு மூட்டை இருக்கிறதே, போதும்.

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். பாதிப் பாரம் போன குடையைப் பார்த்து மீதிப் பாரம் இருக்கிறதே என்று நினைக்கிற மனது எல்லோருக்கும் உண்டு. பேசத் தயங்குகிறவனுக்கு அது இன்னும் சீக்கிரம் வரும். பேசாமல் இருப்பதற்கு அவனுக்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது.

அந்த நேரத்தில் எனக்குச் சாம்பார் மணம் வந்தது. விறகுப் புகையும் சேர்ந்து வந்தது. நம் ஊர் வீடுகள் இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. முன்வாசலில் நின்றால் ஒவ்வொரு கதவுக்குள்ளும் அடுத்த கதவு தெரியும், கடைசியில் பின்வாசல். சமையல்கட்டு பின்னால். மேற்குப் பார்த்த அந்தப் பின்வாசல் சாத்தியிருக்கும்வரை சமையல் மணம் முன்வாசலுக்கு வராது. வந்தால், புகை தாங்காமல் யாரோ பின்வாசலைத் திறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஆனி மாதத்து மேல்காற்று பின்தெருவில் நின்று கதவு திறக்கட்டும் என்று காத்திருக்கும். திறந்தால் வீடு முழுக்க ஒரே குழாய்தான். காற்று அந்தக் குழாய் வழியாக வந்து முன்வாசலில் நிற்கிற குடையை உள்ளேயிருந்து அடிக்கும். நாங்கள் எப்போதும் தெருக் காற்றைத்தான் பார்த்துக் குடையை நிறுத்துவோம். வீட்டுக்குள்ளிருந்து காற்று வரும் என்று யார் நினைப்பார்?

ஆனால் அன்று, மணம் வந்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று சொன்னால் பொய். அதே நேரம் சமையல் ஆள் திரும்பி வந்து இரண்டாவது மூட்டையையும் தூக்கினார்.

நான் செய்ய வேண்டியிருந்தது ஒரே ஒரு காரியம். காதர் என்று உரக்கக் கூப்பிட வேண்டும். அந்த நாற்பது பேரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். அவ்வளவுதான் நடந்திருக்கும். நான் கூப்பிடவில்லை. நாற்காலிகளுக்குப் பின்னால் சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போய் அவன் காதில் சொல்லிவிடலாம் என்று நடந்தேன். ஓடக்கூட இல்லை. கல்யாண வீட்டில் ஓடினால் பார்ப்பார்களே.

பாதிச் சுற்று போனபோது உள்ளே கெட்டிமேளம் முழங்கியது. அதே நேரத்தில் எட்டாவது குடை எழுந்தது. விழவில்லை, எழுந்தது. தகட்டோடு தரையிலிருந்து ஒரு முழம் எழுந்து அந்தப் பெண்ணின் பக்கம் சாய்ந்தது. காதர் எப்படித் திரும்பினானோ தெரியாது, இரண்டு எட்டில் வந்து கழியை இரண்டு கையாலும் பிடித்துவிட்டான். பறக்கிற குடையின் கழியை ஒருநாளும் பிடிக்காதீர்கள், ஆட்களை இழுத்துவிட்டுக் குடையை விட்டுவிடுங்கள் என்று கடையில் சொல்லித் தருவார்கள். அது அன்று எழுதப்பட்ட விதி. குடை அவனையும் இழுத்துக்கொண்டு போய்ச் சுழன்று விழுந்தது. இரும்புத் தகடு அவனுடைய வலது கையைக் கல் தரையோடு வைத்து நசுக்கியது.

குழந்தை தூக்கம்கூடக் கலையவில்லை. மேளம் நிற்கவில்லை. முன் வரிசையில் இருந்தவர்கள் அட்சதை போட உள்ளே எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவன் கத்தியிருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது. அவன் கத்தவும் இல்லை.

குதிரை வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். என் தோள் துண்டை அவன் கையில் சுற்றியிருந்தேன். பாதி வழியில், "மாப்ள, பிள்ளைக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டான். "இல்லை" என்றேன். ஆஸ்பத்திரி வரும்வரை நான் பேசியது அந்த ஒரு சொல்தான்.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிழைத்தன. மற்ற மூன்றும் மடங்கவில்லை.

மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, அரிசி மூட்டையத் தூக்கிட்டுப் போயிருக்கானுக. நீ அங்கதான நின்னே. பாக்கலையா?"

"பாக்கலைங்க."

அவர் நம்பினார். நான் அதிகம் பேசாதவன், அதனால் உண்மை பேசுகிறவன் என்று பலர் நம்பிவிடுவார்கள். "அப்ப அரிசிய வச்சவன் தலையிலதான் விடியும்" என்றார். பழி காதர் மேல் நின்றது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. கை ஓரளவு ஆறியதும், உறவுக்காரர் ஒருவர் மூலமாகப் புதுவயலில் ஓர் அரிசி மில்லுக்குக் காவலாளாகப் போய்விட்டான்.

புதுவயல் என்ன தூரம்? சைக்கிளில் ஒரு மணி நேரம். ஆறு வருடம் நான் போகவில்லை. முதலில் அடுத்த வாரம் போகலாம் என்று இருந்தேன். பிறகு இவ்வளவு நாள் கழித்து எப்படிப் போவது என்று இருந்தேன். இரண்டுக்கும் நடுவில் போகிற நாள் எப்போது கழிந்தது என்று தெரியவில்லை.

அந்த ஆறு வருடமும் வேலை செய்தேன். புது ஆட்கள் வந்தார்கள், போனார்கள். நான் பேசாததைச் சிலர் திமிர் என்று நினைத்தார்கள். மத்தியானம் எல்லோரும் பந்தியில் உட்காருகிற நேரத்தில் குடைக்கு ஓர் ஆள் நிற்க வேண்டும், அது நான்தான் என்று ஆகிவிட்டது. காதர் இருந்தவரை இலையில் எனக்கு ஒரு பங்கு எடுத்துவந்து வைப்பான். வேலை மட்டும் சுத்தமாக இருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பின்வாசலைப் போய்ப் பார்ப்பேன். கல்லைத் தவிர எதையும் பாரமாக வைக்க விடவில்லை. ஒரு குடைகூடப் பறக்கவில்லை. பறக்காத குடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நம் வேலையில் நன்றாகச் செய்ததற்கு அடையாளம் என்று ஒன்றும் மிஞ்சாது. அதற்குப் பழகிக்கொள்ளுங்கள்.

பிறகு அதே வீட்டில் இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. எழுபதுகளின் நடுவில், ஓர் ஆவணி மாதம். மேற்பார்வை எல்லாம் பெண்ணின் சித்தப்பா. காலையில் நாங்கள் கல் இறக்கிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"போன கல்யாணத்துல ஒருத்தன் கைய நசுக்கிக்கிட்டு அழுது அபசகுனமாப் போச்சு. இந்தத் தடவை அப்பிடி ஒண்ணும் ஆகக் கூடாது. மாப்பிள்ளை வீட்டாளுக மேல ஒரு பொட்டு வெயிலு படக் கூடாது. தெரிஞ்சுச்சா?"

தலையாட்டினேன். காதர் அழவில்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. மாலை மூன்றரை மணி இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் குடைகளுக்குக் கீழே பலகாரமும் காபியுமாக உட்கார்ந்திருந்தார்கள். வெயில் அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஓட்டுக்கூரைக்கு மேலே, மேற்கில், மைக்கோடு போட்டது போல மேகம் கட்டியிருந்தது. குடை ஓரத்துத் துணி அதுவரை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. சட்டென்று தொங்கிவிட்டது. ஓர் இழைகூட அசையவில்லை. ஆவணியில் மழைக்கு முன்னால் வருகிற காற்று அப்படித்தான், மூச்சைப் பிடித்துக்கொண்டு வரும். ஒரு குடைக்கு நான்கு கல் ஆனிக் காற்றுக்குப் போதும். இந்தக் காற்றுக்குப் போதுமா என்பது எனக்குத் தெரியாது. அப்போது விறகுப் புகையின் மணம் வந்தது.

உள்ளே போய்ப் பின்வாசலைப் பார்த்துவிட்டு வரலாம். போய்வர ஐந்து நிமிடம். அன்று காதரிடம் போகச் சுவரை ஒட்டிச் சுற்றி நடந்ததும் ஒரு நிமிடம்தான்.

முற்றத்தின் நடுவுக்குப் போனேன். "எந்திரிங்க. குடையை இறக்கணும்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். பக்கத்தில் இருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். மூன்றாவது தடவை எனக்கே பயம் வருகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"எல்லாரும் எந்திரிங்க. குடையை இறக்கணும்."

முற்றம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"வெயிலு மண்டையப் பொளக்குது. இப்பப் போயிக் குடைய மடக்குறாராம்" என்றார் ஒருவர்.

"பாவம், குடைக்கு வேர்க்குதாக்கும்" என்றார் இன்னொருவர். சிரிப்பு எழுந்தது.

சித்தப்பா உள்ளேயிருந்து விரைந்து வந்தார். "யாரைக் கேட்டு எறக்குற?"

"காத்து வருதுங்க."

"எங்க வருது? காட்டு, பாப்பம்."

காற்றை எப்படிக் காட்டுவது? நான் பிள்ளைகளோடு பெண்கள் உட்கார்ந்திருந்த குடையிலிருந்து தொடங்கினேன். அவர் என் தோளைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. முணுமுணுத்துக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து உள்ளே போனார்கள். வேட்டி நுனியால் தலையை மறைத்துக்கொண்டு போன மாப்பிள்ளையின் தகப்பனார் சித்தப்பாவைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கால் மணி நேரத்தில் எட்டுக் குடையும் மடங்கிவிட்டன.

பிறகு வெறும் முற்றத்தில் நான் மட்டும் நின்றேன். மேகம் வந்தது. தலைக்கு மேலே வந்து வெயிலை மறைத்தது. கிழக்கே போயிற்று. ஓர் இலை அசையவில்லை. ஒரு சொட்டு விழவில்லை. திரும்பவும் வெயில் அடித்தது.

உள்ளே போய்ப் பார்த்தேன். பின்வாசல் சாத்தி, குறுக்குக் கட்டை போட்டிருந்தது. புகை பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அங்கே பலகாரத்துக்காகக் கூடுதலாக ஓர் அடுப்பு மூட்டியிருந்தார்கள்.

சித்தப்பா வாசலில் நின்றார். குரலை உயர்த்தவில்லை. "சம்பந்தக்காரக முன்னாடி எங்களைத் தலைகுனிய வச்சுட்டே. கெளம்பு. மிச்சத்தை ஒங்க மொதலாளிகிட்டப் பேசிக்கிறேன்."

சைக்கிளை எடுத்தேன். கடைக்குப் போகவில்லை. புதுவயல் சாலையில் திருப்பினேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை. இன்று நடந்ததைச் சொல்ல எனக்கு வேறு யாரும் இல்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

மில் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். தாடி நரைத்திருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பீடி.

"யாரது? அட, மாப்ளயா. வழி கண்டுபுடிக்க ஆறு வருசம் ஆச்சாக்கும்."

உட்காரச் சொல்லி, எதிர்க் கடைக்குக் குரல் கொடுத்து டீ வாங்கினான். உள்ளே சத்தமே இல்லை. ஏன் என்று கேட்டேன். "காலையில ரெண்டு மணி நேரம் ஓடுச்சு, அப்பறம் பெல்ட்டு அந்துபோச்சு. ஆளுகளையும் அனுப்பிச்சுட்டாக. மில்லுல இன்னைக்கு நானும் ஈயும்தான்" என்றான்.

நான் நடந்ததைச் சொன்னேன். மேகம், புகை, சிரிப்பு, சாத்தியிருந்த பின்வாசல், எல்லாம். அவ்வளவு நேரம் தொடர்ந்து நான் பேசி அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. பீடியை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எறக்குனப்ப மணி என்ன இருக்கும்?"

"மூணரை."

"மூணரையா." வானத்தைப் பார்த்தான். "இங்குட்டு மூணே முக்காலுக்கு அடிச்சுச்சு மாப்ள. சரியான அடி. இந்தக் கேட்டுக் கதவு படார் படார்னு அடிச்சுக்கிருச்சு, புடிக்க முடியல. அங்குட்டு வராமத் திரும்பிருச்சு போல. நீ எறக்குனது சரிதான்."

எனக்கு நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியது. அந்தத் தைரியத்தில்தான் மற்றதையும் சொன்னேன்.

"காதரு, அன்னைக்கு மூட்டையத் தூக்குனதை நான் பாத்தேன். ரெண்டையும் பாத்தேன்."

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"நீ சொவத்தோரமா வந்துக்கிட்டே வாயத் தொறந்தே. சத்தம் வரல. கோழி கொட்டாவி விட்டாப்புல இருந்துச்சு. இவன் என்னத்துக்கு வாயத் தொறக்குறான்னுதான் திரும்புனேன். திரும்புனதாலதான் குடை எழும்புறதப் பாத்தேன். இல்லாட்டி அந்தப் பச்சப்பிள்ளை என்னத்துக்கு ஆகியிருக்கும்?"

"மொதலாளிகிட்ட நான் பாக்கலைன்னு சொல்லிட்டேன்."

"அதுவுந் தெரியும். விடு. டீ ஆறுது."

டீயைக் குடித்தேன். இருட்டுவதற்குள் போகிறேன் என்று எழுந்தேன். மில்லின் மதிலை ஒட்டிச் சைக்கிளைச் சாத்தியிருந்தேன். எடுக்கப் போனபோது மதிலுக்கு உள்பக்கம் திறந்த வெளியில் உமி கொட்டியிருந்ததைப் பார்த்தேன். ஆள் உயரக் குவியல். நுனி, விரலால் கிள்ளி விட்டது போலக் கூராக நின்றது. சுற்றிலும் கூட்டிப் பெருக்கிய தரையில் ஓர் உமி இல்லை. பெல்ட் அறுந்த பிறகு மில் ஓடவில்லை, அதனால் அது காலையிலேயே விழுந்த உமி. இரும்புக் கேட்டை அடித்து ஆட்டுகிற காற்று அந்த நுனியை விட்டுவைக்காது. வாயால் ஊதினாலே கலைந்துவிடும்.

திரும்பிப் பார்த்தேன். காதர் முக்காலியில் உட்கார்ந்தபடி அந்த இரண்டு விரலை உயர்த்திக் காட்டினான். நானும் கையை உயர்த்தினேன்.

அவன் எனக்கு ஆறுதலாகச் சொன்னவை இரண்டு. ஒன்று உண்மை இல்லை என்று மதிலோரத்திலேயே தெரிந்துவிட்டது. மற்றது? அன்று சுவரோரம் நடந்தபோது நான் வாயைத் திறந்தேனா? எனக்கு நினைவில்லை. எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு பல வெள்ளிக்கிழமைகள் அவனைப் பார்க்கப் போனேன், சேர்ந்து டீ குடித்தோம். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பான். இப்போது அவன் இல்லை.

முதலாளியிடம் மட்டும் மறுநாளே போய் உண்மையைச் சொன்னேன். அவர், "இதை இப்பச் சொல்லி யாருக்கு என்னப்பா ஆகப்போகுது?" என்றார். அந்த வீட்டார் அதற்குப் பிறகு நம் கடைக்கு வரவில்லை. அன்று குடைகளை இறக்கியது சரியா என்று நீங்கள் கேட்டால், காற்று வரவில்லை என்பதுதான் என்னிடம் இருக்கிற பதில். அதே மேகமும் அதே மணமும் இன்று வந்தாலும் இறக்குவேன்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குடைகளை விரித்து முடித்த பிறகு, விருந்தாளிகள் வருவதற்கு முன்னால், முற்றம் காலியாக இருக்கும். ஆளுக்கு ஒரு மூலையில் நின்றுகொண்டு, கூட வேலை செய்கிறவனுடைய பெயரை ஒரு தடவை உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். வெட்கமாக இருக்கும், இருக்கட்டும். அவன் திரும்பிப் பார்க்கிறானா என்று பாருங்கள்.

சில நாள் காலையில், எதிர் மாடித் துணிகள் மேல்காற்றில் படபடக்கும்போது, நானும் என் அறையில் நின்று கூப்பிட்டுப் பார்க்கிறேன். இப்போது சத்தம் நன்றாகவே வருகிறது.